பிப்ரவரி முப்பது

செக்காலை ரோட்டுச் சர்பத் கடையை
ஐந்து மாதம் கழித்துத் திறக்கிறேன்.
சரக்கு கடையில் இல்லை;
பூட்டிக் கிடக்கும் ஒரு பெரிய வீட்டின் பின்கட்டில்
மாதம் எண்ணூறுக்கு ஓர் அறை.
சுண்ணாம்புச் சுவர், சன்னல் கிடையாது.
அக்கினி வெயிலிலும் அந்தச் சுவரில் கை வைத்தால்
தண்ணீர்ப் பானையைத் தொட்ட மாதிரி இருக்கும்.
பாகுக்கு வேறென்ன வேண்டும்:
இருட்டு, குளிர்ச்சி, உலர்ந்த கரண்டி.

டார்ச்சைப் போட்டு
ஒவ்வொரு பாட்டிலாகக் கழுத்தைப் பார்க்கிறேன்.

நன்னாரி மூன்று. அடியில் சீனி
கற்கண்டாய் இறுகிக் கிடக்கிறது.
பயமில்லை, வெந்நீரில் நிறுத்தினால் கரைந்துவிடும்.
பாகு இறுகிக் கெட்டதில்லை,
இளகித்தான் கெடும்.
திராட்சை கறுத்திருந்தது. முகர்ந்தேன். தப்பித்தது.
இஞ்சி எலுமிச்சையில்
பஞ்சைப் பிய்த்துப் போட்ட மாதிரி ஒன்று மிதக்கிறது.
மேலாக வழித்துவிட்டு விற்கிறவர்கள் இருக்கிறார்கள்.
நான் ஊற்றிவிடுவேன். சாக்கடைக்கு இன்று யோகம்.

ரோஸ் பாட்டிலின் மூடி
இட்லி மாதிரி உப்பியிருந்தது.
லேசாகத் திருகினேன். உஸ்ஸென்று ஒரு பெருமூச்சு,
பின்னாலேயே கள்ளு வாடை.
என்றைக்குக் காய்ச்சியது என்று
பிளாஸ்திரி ஒட்டிய பக்கத்தைத் திருப்பினேன்.
சகர்பான் கையெழுத்து.
தேதி போடுவது எப்போதும் அவள்தான்;
என் எழுத்து மருந்துச்சீட்டு மாதிரியாம்.

பிப்ரவரி 30.

சிரித்துவிட்டேன், தனியாக, அந்த இருட்டில்.
ஒரு வாரத்துக்கு அவளை ஓட்டலாம்.
பிறகுதான் உறைத்தது, நாங்கள் கடைசியாகக் காய்ச்சியது
புரட்டாசியில்.

அடுத்த பாட்டிலைத் திருப்பினேன்.
உள்ளே நன்னாரி, வெளியே 'திராட்சை'.
அதற்கடுத்ததில் தேதிக்குப் பதிலாக
அவள் எப்போதோ காலி செய்த வீட்டின் கதவு எண்.
கடைசியில் வெறும் பிளாஸ்திரி;
பேனா முனை தொட்டுத் தொட்டு
எதையும் எழுதாமல் எடுத்த புள்ளிகள்.

டார்ச்சை அணைத்துவிட்டு நின்றேன்.
போன வருஷம் கொப்புடையம்மன் தேர்க் கூட்டத்தில்
இருபது கிளாஸ் ரோஸ் சர்பத்தில்
உப்பை அள்ளிப் போட்டாள். வெயில், என்றேன்.
இரண்டு தரம் என்னை
மைமூன் என்று தங்கச்சி பேர் சொல்லிக் கூப்பிட்டாள்.
தூக்கமில்லை, என்றேன்.
பாட்டிலில் ஒற்றைக் குமிழி ஏறினால்
வாசற்படியிலிருந்தே பார்த்துவிடுகிறவள் நான்.

நாலு மணிக்கு அவளே வந்தாள்,
மகன் நூருல்லாவின் வண்டியில்,
அவன் சட்டையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு.
'கடை திறந்தாச்சா தெய்வானை?'
சரியான பேர்.
நான் எதையும் கேட்கவில்லை.
ரோஸ் பாட்டிலை மட்டும் நீட்டினேன்.
கையில் வாங்கவேயில்லை.
ஒரு முழம் தள்ளி நின்றே மூக்கைச் சுருக்கினாள்:
'யாரோ ஈரக் கரண்டியப் போட்டிருக்கா.
ஊத்து அத. எறும்புகூடத் தொடாது.'

ஊற்றினேன்.
எறும்பு வந்தது. அதை அவளிடம் சொல்லவில்லை.

பிறகு அடுப்பை மூட்டினோம்.
மூன்று கிலோ சீனி, ஒன்றரை லிட்டர் தண்ணீர்,
ஊறப்போட்ட நன்னாரி வேர்.
நுரையை நான் எடுத்தேன்.
எப்போது இறக்குவது என்று
நான் வாய் திறக்குமுன்பே
கட்டைவிரலும் சுட்டுவிரலும் ஒட்டிப் பிரித்து
'போதும்' என்றாள். போதும்தான்.

ஆறியதும் பாட்டில் நிரம்பியது.
பிளாஸ்திரியைக் கிழித்து ஒட்டினேன்.
பேனாவை அவள் பக்கம் தள்ளினேன்.
வேறு எப்படிச் செய்வது, இத்தனை வருஷமாக
அவள் பக்கம்தான் தள்ளியிருக்கிறேன்.
சுவரில் ஆணி மட்டும் இருக்கிற இடத்தை
கொஞ்ச நேரம் பார்த்தாள்.
பிறகு பட்டென்று,
முத்து முத்தான எழுத்தில்:

பிப்ரவரி 30.

'அழகா இருக்கு' என்றேன்.
அழகாகத்தான் இருந்தது.
அவள் கை கழுவப் போனபோது
பாட்டிலைக் கவிழ்த்து
அடியில், யார் கண்ணிலும் படாத இடத்தில்,
என் மருந்துச்சீட்டு எழுத்தில்
இன்றைய தேதியைக் கிறுக்கினேன்.